10 கட்டம் முடிந்த கேமை பீட்டாவுக்குக் கொடுக்கலாமா?

திருகோணமலை உவர்மலையில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வேலை முடிந்து வந்து இரவில் கோடோ 4 (கேம் செய்யும் மென்பொருள்) இல் ஒரு அன்ட்ரொய்ட் கேம் செய்கிறேன். பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் ஒரு புள்ளிமான், வழியில் கிடக்கும் பொலித்தீனில் வாய் வைக்காமல் டவுனைக் கடந்து கடற்கரைக்குப் போக வேண்டும். 15 கட்டம் திட்டம், 10 முடிந்தது. 2 வருடமாக 'அடுத்த மாதம் பீட்டா', அதாவது ஆட்களுக்குச் சோதிக்கக் கொடுக்கும் பதிப்பு, என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிலவேளை சேமித்த ஆட்டம் காணாமல் போகிறது, அதுவேறு. எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கொடுக்கவா, இல்லை இப்போதே நண்பர்களுக்கு வட்ஸ்அப்பில் ஏபிகே (கேமை நிறுவும் கோப்பு) அனுப்பவா?"

இரண்டும் வேண்டாம். 10 கட்டம் போதும், மிச்சம் ஐந்தையும் தனியாக ஒரு கோப்புறையில் போட்டு மூடிவிடுங்கள். பத்தாவது முடிந்ததும் மான் கடற்கரைக்கு வந்து சேர்ந்ததாக ஒரு படம், பிறகு செய்தவர்களின் பெயர்கள், பிறகு தொடக்கத் திரை. அதுதான் உங்கள் முழு கேம் என்று வைத்துக்கொண்டு அதைத்தான் சோதிக்கக் கொடுக்க வேண்டும். பீட்டா காலத்தில் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. இருப்பது எங்கே உடைகிறது, எங்கே ஆட்களுக்கு விளங்கவில்லை என்று பார்ப்பது மட்டும்தான் வேலை. ஒரு பக்கம் புதுக் கட்டம் கட்டிக்கொண்டே மறுபக்கம் சோதிக்கக் கொடுத்தால், செவ்வாய்க்கிழமை ஒருவர் சொன்ன பிழை வியாழக்கிழமைப் பதிப்பிலும் இருக்கிறதா, அல்லது நீங்கள் புதன்கிழமை சேர்த்த ஏதோ ஒன்று கிளப்பிய வேறு பிழையா என்று உங்களுக்கே தெரியாமல் போகும். 2 வருடம் இழுபட்டதற்கும் அநேகமாக இதே பழக்கம்தான் காரணம்.

சேமிப்புப் பிரச்சினையைத் தீர்க்காமல் ஒருவருக்கும் கொடுக்காதீர்கள். ஆறாவது கட்டம் வரை போனவர் மறுநாள் திறக்கும்போது முதலில் இருந்து தொடங்க வேண்டி வந்தால், அவர் பிழை அறிக்கை எழுதமாட்டார், கேமை அழித்துவிட்டுப் போய்விடுவார். உங்கள் நிரலைப் பார்க்காமலே ஓர் ஊகம் சொல்கிறேன்: நீங்கள் கட்டம் முடியும்போதும் வெளியேறும்போதும் மட்டும்தான் சேமிக்கிறீர்கள். கணினியில் அது சரி. ஆனால் அன்ட்ரொய்டில் ஒரு போன் கோல் வந்து கேம் பின்னால் போனால், நினைவகம் குறையும் நேரத்தில் போன் அதை ஒரு வார்த்தை சொல்லாமல் கொன்றுவிடும், 'மூடப்போகிறேன்' என்ற செய்தியே கேமுக்கு வராது. ஆகவே கேம் பின்னணிக்குப் போகும் அந்தக் கணத்தில், கோடோவில் 'அப்ளிகேஷன் போஸ்ட்' (Application Paused) என்ற அறிவிப்பு வருமே, அங்கேயே சேமியுங்கள். பழைய கோப்பின் மேலேயே எழுதாமல், வேறு பெயரில் முழுதாக எழுதி முடித்துவிட்டுப் பிறகு பெயரை மாற்றுங்கள். இடையில் பற்றரி செத்தாலும் பழையதாவது மிஞ்சும். சேமிப்புக் கோப்புக்குள் ஒரு பதிப்பு எண்ணையும் போட்டு வையுங்கள், அடுத்த பதிப்பில் அமைப்பு மாறும்போது அது கைகொடுக்கும். இன்னொன்று, போனின் பின்செல் பொத்தானை அமர்த்தினால் கோடோ இயல்பாகவே கேமை மூடிவிடும். திட்ட அமைப்புகளில் அதை நிறுத்திவிட்டு, இடைநிறுத்தத் திரை வரும்படி செய்யுங்கள். பாதி முறைப்பாடுகள் இதோடு போய்விடும் என்று நினைக்கிறேன்.

தமிழ் எழுத்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். கோடோ 4 'கொ', 'கை' எல்லாம் ஒழுங்காகவே காட்டும், அதில் பயமில்லை. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் அது சத்தமில்லாமல் அந்தந்தக் கருவியின் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். உங்கள் கணினியில் பொத்தானுக்குள் அடங்கிய 'அமைப்புகள்' இன்னொருவர் போனில் வெளியே வழியும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. நோட்டோ சான்ஸ் தமிழ் போல இலவச உரிமத்தில் கிடைக்கும் ஒன்றைக் கேமுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். உரையாடலை ஒவ்வொரு எழுத்தாக ஓடவிடுகிறீர்கள் என்றால் 'விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியர்' என்ற அமைப்பையும் பாருங்கள். இயல்பாக இருப்பதை மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டால் முதலில் 'க' வந்து, பிறகு அது துள்ளி 'கொ' ஆகும், பார்க்கவே ஒருமாதிரி இருக்கும். வடிவமைந்த பின் எண்ணும்படி மாற்றுங்கள்.

இசையையும் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கோயில் நாதஸ்வரம் மாதிரி ஏதாவது போட்டிருந்து அது யூடியூப்பில் எடுத்தது என்றால், உரிமை இல்லாவிட்டால் இப்போதே கழற்றுங்கள். அதற்கு மேல் இதில் கதைக்க ஒன்றுமில்லை.

சரி, ஆட்கள். முதல் சுற்றுக்கு வட்ஸ்அப்பும் வேண்டாம், இணையமும் வேண்டாம். நான்கைந்து பேரைப் பிடியுங்கள், அதில் ஒருவராவது கேம் விளையாடாதவராக இருக்கட்டும், அம்மாவோ மாமாவோ. போனைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து வாயை மூடிக்கொண்டு பாருங்கள். 'அங்கே தட்டுங்கோ' என்று வாய்வரை வரும், சொல்லக் கூடாது, ஏனென்றால் கூகுள் ப்ளே கடையில் இருந்து இறக்குபவருக்குப் பக்கத்தில் நீங்கள் இருக்கப்போவதில்லை. பயன்பாட்டுச் சோதனைக்கு 5 பேர் போதும், பிரச்சினைகளில் ஏறத்தாழ 85 சதவீதம் அவர்களிடமே வெளிப்படும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். அந்தக் கணக்கை எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது, ஆனால் உங்கள் அளவுக் கேமுக்கு அதை நான் நம்புவேன். இரண்டாவது சுற்றுக்கு முன் ஒருமுறை பட்டப்பகலில் டச்சு பே மணலில் நின்று விளையாடிப் பாருங்கள், மான் எது மரம் எது என்று அந்த வெயிலில் திரையில் தெரிகிறதா என்று. பழைய, நினைவகம் குறைந்த போன் ஒன்றிலும் ஓட்டிப் பாருங்கள். திருகோணமலை வளாகத்தில் கணினி படிக்கும் பெடியன்கள் தெரிந்தால் நல்லதுதான், ஆனால் அவர்கள் மட்டும் சோதித்தால் ஆபத்து. எங்கே தட்டவேண்டும் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

அடுத்தது கூகுள் ப்ளே. கணக்குத் திறக்க ஒருமுறைக் கட்டணம் 25 டொலர். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், எல்லாருக்கும் வெளியிட அனுமதி கேட்பதற்கு முன், குறைந்தது 12 பேர் தொடர்ச்சியாக 14 நாள் உங்கள் மூடிய சோதனையில் (நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் சேரும் சோதனை) சேர்ந்திருக்க வேண்டும். முன்பு 20 பேர் கேட்டார்கள், 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். இடையில் இரண்டு பேர் விலகினால் கணக்குக் குழம்பும், ஆகவே 12 வேண்டுமென்றால் 20 பேரைச் சேருங்கள். நிலாவெளி, மூதூர், கிண்ணியா என்று சொந்தபந்தம் இருக்கும்தானே, கேளுங்கள். கூகுள் கணக்கோடு அவர்களே இணைப்பைத் தட்டிச் சேரவேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே விளக்குங்கள்.

வட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பாதே என்று நான் சொல்வதற்கு உண்மையான காரணம் கையொப்பம், அதாவது கேம் யாருடையது என்று போன் அடையாளம் காணும் டிஜிட்டல் முத்திரை. அதை இடும் இரகசியக் கோப்புத்தான் சாவி. நீங்கள் கையால் அனுப்பும் ஏபிகேயில் உங்கள் கையொப்பம் இருக்கும், ப்ளேயில் இருந்து இறங்குவதில் வழமையாகக் கூகுள் வைத்திருக்கும் சாவியின் கையொப்பம் இருக்கும். இரண்டும் வேறு என்றால் ஒன்றின் மேல் மற்றது ஏறாது, பழையதை அழித்தால்தான் புதியது இறங்கும், அழித்தால் சேமித்ததும் போகும். ஆகவே முதல் நாளில் இருந்தே ப்ளேயின் உள்சோதனை (இன்டர்னல் டெஸ்டிங், மேலே சொன்ன மூடிய சோதனை வேறு) வழியாகக் கொடுங்கள், அதில் 100 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் சாவிக் கோப்பைக் கணினியில் மட்டும் வைக்காமல் வேறு ஓர் இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள். பதிப்பு எண்ணைத் தொடக்கத் திரையின் மூலையில் போடுங்கள், 'எந்தப் பதிப்பு?' என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு அலைய வேண்டியதில்லை.

கருத்துக் கேட்கும் விதத்திலும் கவனம் தேவை. 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் நம்மவர்கள் 'சூப்பர்' என்பார்கள், மனம் நோகக் கூடாதே என்று. பதிலாக, எந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனீர்கள், எந்தக் கட்டத்தை இரண்டாம் முறை விளையாடினீர்கள், என்ன செய்வதென்று தெரியாமல் எங்கே நின்றீர்கள் என்று கேளுங்கள். தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள், குரல் செய்தி அனுப்பச் சொன்னால் தாராளமாகக் கதைப்பார்கள். அதைக் கேட்டு நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள்: திகதி, பதிப்பு, போன், என்ன நடந்தது. கேம் நின்றுபோவதையும் சேமிப்பு அழிவதையும் அன்றே திருத்துங்கள், விளங்காத இடங்களை வார இறுதியில் சேர்த்துப் பாருங்கள். 'மானுக்குக் குட்டி வேண்டும்' மாதிரியான ஆசைகளை மிச்சம் ஐந்து கட்டம் கிடக்கும் அதே கோப்புறையில் போடுங்கள்.

அந்தத் தாளைத் தொலைக்காதீர்கள். 14 நாள் முடிந்து வெளியீட்டு அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது, யாரை எப்படிச் சேர்த்தீர்கள், என்ன கருத்து வந்தது, அதனால் எதை மாற்றினீர்கள் என்று கூகுள் கேட்கும். அதற்கு எழுத வேண்டிய பதில் முழுக்க அதில்தான் இருக்கும்.