ஏழரை வயதில் மார்பில் கட்டி: அடுத்த மாதமே பெரியபிள்ளை ஆகிவிடுவாளா?

இல்லை அக்கா. மார்பு அரும்பத் தொடங்கி முதல் மாதவிடாய் வர வழமையாக 2 முதல் 3 வருடம் எடுக்கும். ஒரு பக்கம் மட்டும் சின்னக் கட்டியாக இருப்பதும், தொட்டால் நோவதும் வழமைதான். அடிக்கடி அமத்திப் பார்க்காதீர்கள், பிள்ளை பாவம்.

ஆனால் 8 வயதுக்கு முன்னர் தொடங்கினால் கட்டாயம் காட்ட வேண்டும், சில பிள்ளைகளுக்கு வேகமாகப் போகும். இந்த வயதுப் பெண் பிள்ளைகளில் பெரும்பாலும் மூளை பருவத்துக்கான சமிக்ஞையைக் கொஞ்சம் முந்தி அனுப்புவதுதான் காரணம், வேறு நோய் இருக்காது. நீங்கள் கோழி இறைச்சி கொடுத்ததால் வந்தது என்று மாமி சொன்னதை மனதில் வைத்து அழ வேண்டாம்.

இன்றைக்கே சுவரில் பென்சிலால் உயரத்தைக் குறியுங்கள். பழைய கிளினிக் கொப்பியில் இருக்கும் உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வயதில் வருடத்துக்கு 5, 6 சென்ரிமீற்றர்தான் வளர்வார்கள். அதைவிட நன்றாகக் கூடியிருந்தால் வைத்தியரிடம் அதை முதலில் சொல்லுங்கள். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை உங்களுக்குக் கிட்டத்தானே, அங்கே காட்டுங்கள். இடக்கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதை, அதாவது எலும்பு எத்தனை வயதுப் பிள்ளையின் அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்பதை, வைத்தியர் பார்க்கச் சொல்லலாம், அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

உள்ளாடையில் இரத்தம் பட்டாலோ, விடாத தலையிடி, பார்வை மங்கல் இருந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கொண்டு போங்கள்.