கேள்வி–பதில்: கிரீஃப், சாரோ இரண்டும் ஒன்றா?

கேள்வி: உடன் பணிபுரிபவரின் தாயார் காலமானார். ஆங்கிலத்தில் இரங்கல் மடல் எழுத உட்கார்ந்தபோது ‘கிரீஃப்’ என்று எழுதுவதா, ‘சாரோ’ என்று எழுதுவதா என்று குழம்பிவிட்டேன். என்னிடமுள்ள அகராதி இரண்டுக்கும் ‘துக்கம்’ என்றே பொருள் தருகிறது. இரண்டும் ஒன்றுதானா? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: ஒன்றல்ல. ‘கிரீஃப்’ பெரும்பாலும் ஓர் இழப்பை ஒட்டி வருவது. யாரை இழந்தோம், எப்போது இழந்தோம் என்று சுட்டத்தக்க காரணம் அதற்கு உண்டு. ஆளையே நிலைகுலைய வைக்கும் கடுமையும் உண்டு. கனம் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லின் வழியாக வந்தது அது. ‘சாரோ’ பழைய ஆங்கிலத்திலேயே வழங்கிய சொல். கவலையைக் குறிக்கும் ஜெர்மன் ‘சோர்கே’ அதற்கு உறவு. (‘சாரி’ என்பதோடு அதற்கு வேர்த்தொடர்பு இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள், இல்லை.) ஆகவே மரணமே நிகழாத இடத்திலும், ஆண்டுக்கணக்கில் உள்ளுக்குள் கிடக்கும் மனவருத்தத்துக்கும் சாரோ பொருந்துகிறது.

இந்த வேறுபாடு வெறும் இலக்கண நுணுக்கமன்று. மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பெற்றோர் வாழ்நாள் முழுதும் சுமக்கும் வேதனையைப் பற்றி 1962இல் எழுதிய அமெரிக்கர் சைமன் ஓல்ஷான்ஸ்கி, அதற்குக் ‘குரோனிக் சாரோ’ என்று பெயரிட்டார். குழந்தை கண்ணெதிரே இருக்கிறது, ஒவ்வொரு பிறந்தநாளிலும் வருத்தம் புதிதாகக் கிளம்புகிறது. அது நோயன்று, பெற்றோருக்கு இயல்பானது என்பதே அவர் வாதம். என் பார்வையில், இவ்வளவு பொருத்தமாக அச்சொல்லை ஆண்டவர்கள் குறைவு. மாறாக, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022இல் தன் நோய்க் கையேட்டில் புதிதாகச் சேர்த்த கோளாற்றின் பெயரில் இருப்பது கிரீஃப். நெருங்கியவர் இறந்து ஓராண்டேனும் கடந்த பின்னும் ஏக்கம் தணியாமல் அன்றாட வாழ்வையே முடக்கிப் போட்டால்தான், பெரியவர்களிடத்தில் அது கோளாறு எனப்படும்.

உங்கள் மடலுக்கு வருவோம். தாயை இழந்த அவர் படுவது கிரீஃப். அதைக் கேள்விப்பட்டு நீங்கள் படுவது சாரோ. ஆகவே உங்கள் வருத்தத்தைச் சொல்லும் வரியில் ‘டீப் சாரோ’ என்றும், அவருடைய நிலையைச் சொல்லும் வரியில் ‘யுவர் கிரீஃப்’ என்றும் எழுதுங்கள். அவருடைய தாயாரை நீங்கள் நேரில் அறிந்திருந்தால், அவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருப்பதையும் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்.