செத்த எலும்பும் கால்சியம் விடும்: கால்சியம்-45 பற்றிக் கேட்டவை

மலர்விழி: செல்கள் எலும்பைக் கரைப்பதைக் கதிரியக்கத்தால் எப்படி அளக்கிறார்கள்?

1960களில் அமெரிக்காவில் எலும்பு ஆய்வாளர் லாரன்ஸ் ரெய்ஸ் செய்த முறையைச் சொல்கிறேன். சினை எலிக்குக் கால்சியத்தின் கதிரியக்க வகையான கால்சியம்-45 ஊசி போடுவார்கள். வயிற்றிலிருக்கும் குட்டிகளுக்கு அப்போதுதான் எலும்பு உருவாகிக்கொண்டிருக்கும்; அந்தக் கால்சியம் அங்கே போய்ப் படிந்துவிடும். மறுநாள் குட்டிகளின் முன்கை எலும்புகளை எடுத்து (சில மில்லிமீட்டர்தான் இருக்கும்) வளர்ப்புத் திரவத்தில் மிதக்க விடுவார்கள். எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் அரிக்க அரிக்க, கால்சியம்-45 திரவத்தில் இறங்கும். அதில் கொஞ்சம் எடுத்து, கதிர்வீச்சை எண்ணும் கருவியான சிண்டிலேஷன் கவுன்டரில் வைத்தால் எண்ணிக்கை வந்துவிடும். பாராதைராய்டு ஹார்மோன் விட்டால் அது ஏறும், கால்சிடோனின் விட்டால் இறங்கும்.

செந்தில்: எண்ணிக்கை ஏறினால் செல்தான் அரித்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் வழுக்கி விழும் இடம் இது. உறைய வைத்து, உருக்கி, மறுபடி உறைய வைத்துச் செல்களையெல்லாம் கொன்ற எலும்பைப் போட்டுப் பாருங்கள். அதிலிருந்தும் கால்சியம்-45 வரும்! திரவத்திலுள்ள சாதாரணக் கால்சியத்தோடு அது இடம் மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் பல ஆய்வகங்களில் முதல் நாள் திரவத்தைக் கொட்டிவிட்டுக் கணக்கைத் தொடங்குவார்கள்.

கடைசியில் எலும்பையும் அமிலத்தில் கரைத்து எண்ண வேண்டும். திரவத்தில் 3,000, எலும்பில் மிச்சம் 7,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், வெளியேறியது 30%. பக்கத்தில் வைத்த செத்த எலும்பு 12% விட்டிருந்தால், செல்களின் வேலை 18% மட்டுமே. செத்த எலும்பு இல்லாத வரைபடத்தை யார் காட்டினாலும் நான் நம்புவதில்லை.

பர்வீன்: கால்சியம் போனால் எலும்பே போனதாகுமா?

நல்ல கேள்வி. எலும்பின் புரதச் சட்டமான கொலாஜனும் கரைய வேண்டும். அதற்கு டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) ஏற்றிய புரோலின் என்ற அமினோ அமிலத்தைக் கொடுத்துத் தனியாகப் பார்ப்பார்கள்.

அருள்: கையாள்வது ஆபத்தா?

வெளியே இருக்கும்வரை பெரிய பயமில்லை. வலுக்குறைந்த பீட்டா கதிர்தான். கண்ணாடிக் குப்பியே தடுத்துவிடும். உள்ளே போனால்தான் வம்பு: நேரே எலும்பில் போய்த் தங்கும், அரை ஆயுள் சுமார் 163 நாள். முதல் வருடம் நான் கையுறையோடு பேனாவைத் தொட்டுவிட்டு, பேனாவையும் கழிவு வாளியில் போட்டேன்.

கயல்: மனிதர்களிடம்?

அங்கே கால்சியம்-41. அரை ஆயுள் ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டு, அதனால் கதிர்வீச்சு மிகமிகக் குறைவு. சிறு அளவு ஒரே ஒரு தடவை கொடுத்துவிட்டு, சிறுநீரில் வருவதை முடுக்கி நிறைமாலைமானியில் (அணுக்களையே எண்ணும் கருவி) வருடக்கணக்கில் தொடரலாம். எலும்பு கரைவதைத் தடுக்கும் மாத்திரை வேலை செய்தால் சிறுநீரில் அதன் அளவு குறையும்.