நாள்பட்ட இடுப்பு வலியும் நரம்பு மண்டலமும்: கேள்வி பதில்

விடையளிப்பவர், நாள்பட்ட வலிக்குச் சிகிச்சை அளிக்கும் இயன்முறை மருத்துவர்.

கேள்வி: என் வயது 46. ஓராண்டாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ஜவ்வுத் தேய்மானம் என்று இருக்கிறது. அறுவை சிகிச்சை தேவையில்லை என்கிறார் மருத்துவர். பிறகு ஏன் வலிக்கிறது?

பதில்: தேய்மானம் இருந்தால் வலி இருந்தே தீரும் என்பதில்லை. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் ஜவ்வுத் தேய்மானம் காணப்பட்டது. நரையைப் போல அதுவும் பெரும்பாலும் வயதோடு வருவதே. ஆனால் அந்தச் சொல்லை அறிக்கையில் படித்த நாள்முதல் குனியவே அஞ்சுகிறவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். அந்த அச்சம் தசைகளை இறுக்கி, நடமாட்டத்தைக் குறைத்து, வலியையும் நீட்டித்துவிடுகிறது. விளக்கம் ஏதும் சொல்லாமல் ஸ்கேன் அறிக்கையை மட்டும் கையில் கொடுத்தனுப்புவது நோயாளிக்குச் செய்யும் தீங்கு என்பதே என் கருத்து.

கேள்வி: அப்படியானால் இது மனப்பிரமையா? வீட்டிலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பதில்: இல்லை அம்மா, உங்கள் வலி முற்றிலும் உண்மையானது. உடலில் எழும் வலிச் சைகை, மூளைக்குப் போகும் வழியில் தண்டுவடத்திலேயே கூடவும் குறையவும் கூடும் என்பதை வலி ஆய்வாளர்களான ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-இல் முன்வைத்த வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு விளக்கியது. முழங்காலை இடித்துக்கொண்டதும் கை தானாகப் போய்த் தேய்ப்பதும், தேய்த்ததும் வலி சற்றுத் தணிவதும் இதனால்தான்: தேய்க்கும் தொடுவுணர்வு தண்டுவடத்தில் வலிச் சைகையின் வாயிலைச் சற்று மூடுகிறது. காயத்திற்குப் பின் தண்டுவட நரம்பணுக்களே மிகையான கூருணர்வு பெற்றுவிடக்கூடும் என்று நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபர்ட் உல்ஃப் 1983-இல் காட்டினார். அந்நிலையில், பேருந்தின் சிறு குலுக்கல்கூட வலியாகவே உணரப்படும். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022-இல் நடைமுறைக்கு வந்த பதிப்பிலிருந்து, தனி இடமே உண்டு. வீட்டாரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: வலி கூடும்போதெல்லாம் படுத்துவிடுகிறேன். அது சரிதானா?

பதில்: சிறிது நேரம் படுப்பதில் தவறில்லை, நாள்கணக்கில் படுத்திருப்பதுதான் தவறு. திடீர் இடுப்பு வலி வந்தவர்களில் ஏழு நாள் படுக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இரண்டு நாள் மட்டும் படுக்கச் சொல்லப்பட்டவர்கள் குறைவான நாள்களே வேலையை இழந்தார்கள் என்று 1986-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. 1995-இல் ஹெல்சிங்கியில் நடந்த ஆய்விலோ, இயன்ற அளவு வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினார்கள். உங்களுக்குப் பத்து நிமிட நடையில் வலி ஏறுகிறது என்றால், ஏழாம் நிமிடத்திலேயே நின்று, உட்கார்ந்து, மீண்டும் நடங்கள். வலி குறைந்த நாளில் ஒரு வாரத்து வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு மறுநாள் முடங்குவதே பலரும் விழும் பள்ளம். ஆகவே நல்ல நாளிலும் அதே ஏழு நிமிடத்தைக் கடைப்பிடித்து, வாரத்திற்கு ஒருமுறை மட்டும் சற்றே கூட்டுங்கள்.

கேள்வி: தூக்கம் சரியில்லை. மூச்சுப் பயிற்சி உதவுமா?

பதில்: தூக்கம் குறைந்தால் வலியைத் தாங்கும் எல்லையும் குறைகிறது, எனவே தூக்கத்தைச் சீராக்குவதும் வலிச் சிகிச்சையின் ஒரு பகுதிதான். நெடுநாள் வலியிலும் கவலையிலும் உடலை விழிப்பு நிலையில் வைக்கும் பரிவு நரம்புகளின் கை ஓங்கியிருக்கும். மெதுவாக மூச்சை வெளிவிடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியே, உடலை அமைதிப்படுத்தும் எதிர்ப்பரிவு நரம்புகள் செயல்பட்டு இதயத் துடிப்பு தணிகிறது. வயிற்றின் மேல் கை வைத்து, நான்கு விநாடி உள்ளிழுத்து, ஆறு விநாடி வெளிவிடுங்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம் போதும். இது மட்டுமே வலியைப் போக்கிவிடாது. நடைக்கும் தூக்கத்திற்கும் துணை நிற்கும்.

கேள்வி: எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

பதில்: சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, சிறுநீர் கழிக்க இயலாவிட்டாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். காய்ச்சலுடன் கூடிய முதுகு வலி, காரணமில்லாத எடைக் குறைவு, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்குப் புதிதாக வரும் வலி ஆகியவற்றையும் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.