தொப்பூர் விபத்து: ஆறு மாதத் தண்டனையைக் கூட்ட முடியுமா?

தம்பி, 2022இல் தொப்பூர் கணவாயில் அப்பா லாரி மோதி இறந்த வழக்கில் ஆறு மாதம்தான் தண்டனை, நாங்களே மேல்முறையீடு போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. குற்றவாளியை விடுதலை செய்தது, குறைந்த குற்றப்பிரிவில் தண்டித்தது, போதாத இழப்பீடு இவற்றுக்குத்தான் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். தண்டனை போதாது என்று அரசுத் தரப்புதான் போகவேண்டும். அரசு வழக்கறிஞரிடம் இன்றே எழுதிக் கொடுங்கள். அவர்கள் அசையாவிட்டால் தருமபுரி அமர்வு நீதிமன்றத்தில் நீங்களே சீராய்வு மனு (கீழ் நீதிமன்றத் தீர்ப்பைச் சரிபார்க்கக் கோரும் மனு) போடலாம். கெடு 90 நாள். தீர்ப்பு நகல் முத்திரையில் விண்ணப்பித்த தேதியும் நகல் தயாரான தேதியும் இருக்கும், அந்த இடைவெளி கெடுவில் சேராது.

அப்புறம், கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்தியதற்கான பழைய இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ பிரிவில் உச்சமே 2 ஆண்டு. 5 ஆண்டு என்பதெல்லாம் புதிய சட்டம் வந்த 2024 ஜூலை 1 முதல் நடந்த விபத்துக்கு. 2015இல் இதே 304ஏ பிரிவில் வந்த ஒரு பஞ்சாப் வழக்கில் உயர் நீதிமன்றம் தண்டனையை 24 நாளாகக் குறைத்ததை உச்ச நீதிமன்றம் கண்டித்து ஆறு மாதமாக்கியது. உங்கள் வழக்கில் கிடைத்ததும் அதே ஆறு மாதம். அதனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.