ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் இருக்கும் பழைய ட்ரம் செட்டுக்குக் குறைந்த செலவில் மேலுறை மாற்ற என்ன வழி?

கார் ஸ்டிக்கர் கடைக்குப் போங்கள். பதில் அவ்வளவுதான். ஆனால் இதைச் சொன்னதுமே "ஸ்டிக்கர் ஒட்டினால் சத்தம் செத்துவிடும்" என்று கிளம்பி வருபவர்கள் உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்களும் அநேகமாக மெல்லிசைக் குழுவிலோ சர்ச்சிலோ வாசிப்பவராக இருப்பீர்கள், கிடைத்ததைக் கிடைத்தபோது வாங்கிச் சேர்த்திருப்பீர்கள். என் கதையும் அதுதான். காலால் மிதித்து அடிக்கும் பாஸ் ட்ரம்மும் தரையில் நிற்கும் ஃப்ளோர் டாமும் பழைய பிரீமியர் கம்பெனி, முத்துப்போல் மினுங்கும் வெள்ளை 'பேர்ல்' ஷீட், வயதாகி மஞ்சள் பூத்தது. மேலே மாட்டும் சின்ன டாம் இரண்டும் மீரட் சரக்கு, ரத்தச் சிவப்பு. மேடையில் வைத்தால் வாடகைப் பாத்திரக்கடை மாதிரி இருக்கும்.

ட்ரம்முக்கென்றே விற்கும் ஷீட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கப்பல் கூலியும் வரியும் சேர்ந்து ட்ரம்மின் விலையைத் தாண்டிவிடும். சன்மைக்கா 12 அங்குல வளைவுக்குப் படியாது, இணைப்பில் எம்பி நிற்கும். ரெக்ஸின் தடிமன், அடிக்கும் தோலான ஹெட் இறங்காமல் இறுக்கும். மிஞ்சியது வண்டிக்கு ஒட்டும் வினைல்.

அந்த ரோலின் அகலம் 5 அடி. 22 அங்குல பாஸ் ட்ரம்மின் சுற்றளவு 69 அங்குலத்துக்குச் சற்று மேல், ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்ட இன்னொரு அங்குலம். ஆக 6 அடி நீளம் வாங்கினால் போதும். ஆழங்களைக் கூட்டிப் பாருங்கள்: என் பாஸ் 14, ஃப்ளோர் டாம் 16, டாம் 9, 8. மொத்தம் 47 அங்குலம், நாலும் ஒரே துண்டில் அடங்கிவிடும். நிறமும் இம்மி பிசகாது. எனக்கு ஆயிரத்துச் சொச்சத்தில் வேலை முடிந்தது. மேட் நிறமாக எடுங்கள். பளபளப்பு என்றால் மேடை வெளிச்சத்தில் ஒவ்வொரு நெளிவும் பல்லிளிக்கும்.

பழைய ஷீட் கெட்டியாக ஒட்டியிருந்தால் உரிக்க வேண்டாம், உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு மேலேயே ஒட்டலாம். என்னுடையது எம்பியிருந்தது. இணைப்போரம் ஹேர் டிரையர் பிடித்ததும் சூடம் வாசனை வந்தது. அந்தக் காலத்து பேர்ல் ஷீட்டுகள் பலவும் செல்லுலாய்ட், அதில் கற்பூரம் கலந்திருக்கும். பழைய சினிமாச் சுருள் தீப்பிடித்த கதையெல்லாம் இதே ஜாதிச் சரக்கால்தான். அதனால் ஹீட் கன் பக்கமே போகாதீர்கள். டிரையரை மிதமாக வைத்து, புட்டிக் கத்தியை நுழைத்துப் பொறுமையாக உரியுங்கள். வினைல் மெலிசு என்பதால் அடியில் ஒரு மணல் துணுக்கு இருந்தாலும் மேலே தெரியும். வேண்டாத ஓட்டைகளுக்குப் பட்டி பார்த்து, நைஸாகத் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். ஸ்க்ரூ ஓட்டைகளை உள்பக்கமிருந்து ஆணியால் குத்தி அடையாளம் பண்ணிக்கொண்டு, வெளியிலிருந்து பிளேடால் கூட்டல் குறி போட்டால் போதும். காற்றோட்டத் துளையை மூடிவிடாதீர்கள்.

சத்தம் விஷயம். வினைலின் தடிமன் ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீட்டர். ஏற்கெனவே ட்ரம்மின்மேல் இருந்த பேர்ல் ஷீட் அதைவிடப் பல மடங்கு. சத்தத்தைத் தீர்மானிப்பது ஹெட், ட்யூனிங், ஷெல் என்கிற மரக்கூட்டின் விளிம்பு. விளிம்பில் மட்டும் கை வைக்காதீர்கள், வினைலையும் அதற்குச் சற்றுக் கீழேயே நறுக்கிவிடுங்கள். 'பழசின் மதிப்பு போய்விடும்' என்பவர்களுக்கு: பீட்டில்ஸ் குழுவின் ட்ரம்மர் ரிங்கோ ஸ்டாருக்கு 1963-இல் வந்த லட்விக் ஆயிஸ்டர் பிளாக் பேர்ல் மாதிரி முழு செட் உங்களிடம் இருந்தால் தயவுசெய்து தொடாதீர்கள். நாம் பேசுவது கலப்பட செட்டைப் பற்றி.

இவ்வளவு பாடுபட்டு மெரூன் நிறத்தில் பளிச்சென்று கொண்டுபோனால், கல்யாண மண்டபத்தில் டெக்கரேஷன்காரர்கள் ஆளுயரப் பூத்தொட்டியைச் சரியாக ட்ரம்முக்கு முன்னால்தான் வைக்கிறார்கள். வீடியோக்காரருக்குக் கீபோர்டு வாசிப்பவரின் விரல் போதும். சம்பளத்திலும் அதே கதை. அவர் ஒரு பையோடு ஆட்டோவில் வருகிறார், நான் நாலு மூட்டைக்கு வேன் பிடிக்கிறேன், "எலக்ட்ரானிக் பேட் வைத்துச் சமாளிக்கக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். சரி, அது வேறு புலம்பல்.

ஸ்னேர் ட்ரம் குரோம் பூச்சு என்றால் அப்படியே விட்டுவிடுங்கள், அது எந்த நிறத்தோடும் சேரும். வினைல் இணைப்பு பாஸ் ட்ரம்மில் அடிப்பக்கமும், டாம்களில் உங்களைப் பார்த்த பக்கமும் வரட்டும்.