பனித்தட்டில் விரிசலா, ஓதமா? செயற்கைக்கோள் தரவு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: 2017 ஜூலையில் அண்டார்டிக்காவின் லார்சன் சி பனித்தட்டிலிருந்து (கரையை ஒட்டிக் கடலில் மிதக்கும் பனிப்பாளம்) சுமார் 5,800 சதுர கி.மீ. உடைந்து போனதே, அது அங்கே குளிர்காலம். இருட்டில் விரிசலை எப்படிக் கண்காணித்தார்கள் சார்?

பதில்: சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடாரால். அது தன் அலையைத் தானே அனுப்பி வாங்குவதால் இருட்டும் மேகமும் தடையில்லை. ஒரே பாதையில் எடுத்த இரு படங்களின் அலைக்கட்டத்தை (திரும்பி வரும் அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை) கழித்தால் வானவில் பட்டைகள் கிடைக்கும். ஒரு முழுப் பட்டை, ரேடாருக்கும் பனிக்கும் இடையே 2.8 செ.மீ. தூர மாற்றம். பட்டைகள் சட்டென்று அறுபடும் இடத்தில் விரிசல். பிக்சலைவிடக் குறுகியதும் இதில் சிக்கும்.

புதிதாகப் பார்ப்பவர்கள் ஏமாறுவது தரையை விட்டுப் பனி மிதக்கத் தொடங்கும் கோட்டில். அங்கே பட்டைகள் நெருக்கியடித்து நிற்கும், ஆனால் அறுபடாது. ஓதத்தில், அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவதில், தட்டும் ஏறி இறங்கி வளைவதுதான் அது.

கேள்வி: உயரம் அளக்கும் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் லேசரில் மேற்பரப்பு 20 செ.மீ. இறங்கியிருக்கிறது. ஒன்பதால் பெருக்கி, 1.8 மீட்டர் உருகியதாக எழுதலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மிதக்கும் பனியில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான் நீருக்கு மேல், அதனால் பெருக்கல் சரி. நீங்கள் பெருக்கும் அந்த 20 செ.மீ.தான் சந்தேகம். முதலில் ஓதத்தைக் கழியுங்கள். பிறகு காற்றழுத்தம்: 1 ஹெக்டோபாஸ்கல் கூடினால் தட்டு சுமார் 1 செ.மீ. அமுங்கும். இரண்டாவது முறை அளந்த நாளில் அழுத்தம் 15 கூடியிருந்தால் உங்கள் 20-இல் 15 அங்கேயே போயிற்று! மீதத்திலும் மேல்பனி இறுகியதற்கு, தட்டு விரிந்து மெலிந்ததற்கு, பனிப்பொழிவுக்கு என்று கணக்கு உண்டு. எல்லாம் போக எஞ்சுவதே அடியில் உருகியது. ஓத மாதிரியில் 3 செ.மீ. பிழை இருந்தால் தடிமனில் 27 செ.மீ. ஆகிவிடும்.

பனி நகர்கிறது என்பதையும் மறக்காதீர்கள். போன முறை லேசர் பட்ட மேடு இன்று வேறிடத்தில். நகர்வேகத்தைக் கொண்டு அதே பனியைத் துரத்தி ஒப்பிடுங்கள்.

கேள்வி: ரேடார் படத்தில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் உருகுநீரா?

பதில்: இல்லை. ஈரப்பனி அலையை உறிஞ்சும், சலனமற்ற குளம் வேறு பக்கம் தெறிக்கவிடும், இரண்டும் கறுப்பு. அதே பாதையின் குளிர்காலப் படத்தைவிட திரும்பி வரும் அலையின் வலிமை 3 டெசிபல் (ஏறத்தாழ பாதி) குறைந்திருந்தால் ஈரம் என்று கொள்வது வழக்கம். குளமா என்பதைச் சென்டினல்-2 செயற்கைக்கோளின் ஒளிப்படத்தில் பாருங்கள், மேக நிழலையும் நீலப்பனியையும் (மேல்பனி இல்லாத வெறும் பனிக்கட்டி) ஒதுக்கிவிட்டு. குளங்களை அலட்சியம் செய்யக்கூடாது. நீர் பனியைவிடக் கனம், விரிசலில் நிரம்பினால் ஆப்புபோல அடிவரை பிளக்கும். 2002-இல் பக்கத்துப் பனித்தட்டான லார்சன் பி-யின் 3,250 சதுர கி.மீ. சுமார் 35 நாளில் நொறுங்கியதற்கு முன் மேலே குளங்கள் நிறைந்திருந்தன.

கேள்வி: நிசார் ரேடார் செயற்கைக்கோள் வந்ததால் என்ன லாபம்?

பதில்: 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. அதன் 24 செ.மீ. நீள அலை, சென்டினல்-1-இன் 5.6 செ.மீ. நீள அலையைவிடப் பனிக்குள் ஆழமாக இறங்கும். புதுப்பனி விழுந்தாலும் இரு படங்களின் ஒப்புமை எளிதில் கெடாது. இதில் வானவில் பட்டை ஒன்று 12 செ.மீ. என்பதால் சின்ன அசைவுக்குச் சென்டினல்-1-ஐயும் கையில் வைத்திருங்கள்.